இடது கீழ் மூலை: அமெரிக்க காமிக்ஸ் பிரதிகளைப் பட்டியலிட்ட அனுபவம்

ஒரே இதழ், ஒரே கதை, ஒரே அச்சகத்தில் ஓடிய தாள். இருந்தும் ஒரு பிரதிக்கு ஒரு விலை சொல்கிறார்கள், அதன் அருகில் இருக்கும் இன்னொரு பிரதிக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சொல்கிறார்கள். காரணம் கேட்டால் அட்டையின் இடது கீழ் மூலையைக் காட்டுவார்கள். ஒன்றில் அங்கே பார்கோடு இருக்கும். மற்றதில் அதே கட்டத்துக்குள் ஸ்பைடர்மேனின் முகம் இருக்கும். 1980-களின் மார்வெல் இதழ்களில் பார்கோடு உள்ளது நியூஸ்ஸ்டாண்ட் பதிப்பு, அதாவது பொதுவான பத்திரிகைக் கடைகளுக்குப் போனது; முகம் உள்ளது டைரக்ட் பதிப்பு, காமிக்ஸுக்கென்றே இருந்த கடைகளுக்குப் போனது. அமெரிக்க காமிக்ஸ் சேகரிப்பவர்களிடையே இன்று இது பெரிய பேச்சு.

நான் இதற்குள் வந்தது சேகரிப்பவனாக அல்ல. ஒஹாயோவில் நாங்கள் குடியிருக்கும் ஊரின் பொது நூலகத்துக்கு, காலமான ஒருவருடைய குடும்பத்தார் அவருடைய காமிக்ஸ் முழுவதையும் நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். நீளமான வெள்ளை அட்டைப் பெட்டிகள் ஒரு அறையின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றன. ஊழியர்களுக்கு நேரம் இல்லை. சனிக்கிழமைகளில் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருந்த என்னிடம், காமிக்ஸ் படித்த பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். முத்து காமிக்ஸுக்கும் லயன் காமிக்ஸுக்கும் காசு சேர்த்து வளர்ந்தவனிடம் கேட்கும் கேள்வியா அது?

நன்கொடையாளர் ஒழுங்கான மனிதர். தன் சேகரிப்புக்கு ஒரு விரிதாள் வைத்திருந்தார். இதழின் பெயர், எண், தேதி, நிலை எல்லாம் உண்டு. கடைசிப் பத்தியில் (நெடுவரிசையில்) மட்டும் ஒரே ஓர் எழுத்து: நியூஸ்ஸ்டாண்டுக்கு ஒன்று, டைரக்டுக்கு ஒன்று. அந்த எழுத்தை எதைப் பார்த்துப் போட்டார் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. சந்தேகம் வந்தால் புத்தகத்தை உறையிலிருந்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பல ஆயிரம் புத்தகங்களை அப்படி எடுத்துப் பார்ப்பதாக இருந்தால் பட்டியல் எதற்கு? அந்தப் பத்தியை அப்படியே நகலெடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். கண்ணுக்குத் தெரிவதை ஒரு பத்தியில் எழுதுவது, அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவை வேறு பத்தியில் எழுதுவது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அடிப்படையில் அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்யப் புகுந்தால் எத்தனை கிளை பிரிகிறது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

இந்த இரண்டு வகை எப்படிப் பிறந்தன என்று தெரியாமல் பட்டியலில் கை வைக்க முடியாது. 1970-கள் வரை அமெரிக்காவில் காமிக்ஸ் விற்றது மருந்துக்கடையிலும், மளிகைக்கடையிலும், பேருந்து நிலையத்திலும், தெருமுனைப் பத்திரிகைக் கடையிலும். கடைக்காரருக்கு நஷ்டம் கிடையாது, விற்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். முழுப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பினால் லாரிச் செலவு கட்டுப்படியாகாது என்பதால், அட்டையையோ அட்டையின் மேல்பகுதியையோ கிழித்து அனுப்பினால் போதும், பணம் வரவு வைக்கப்படும். பிறகு அந்தச் சிரமமும் வேண்டாம் என்றாகி, இத்தனை பிரதிகளை அழித்துவிட்டோம் என்று மொத்த விநியோகஸ்தர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதும் என்ற நிலை வந்தது. அழித்ததாக எழுதிக் கொடுத்த சரக்கைப் பின்வாசல் வழியாக விற்க இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா? அப்படி நிறையவே நடந்தது.

இதற்கு மாற்று ஒன்றைக் கொண்டுவந்தவர் ஃபில் சூலிங். புரூக்ளினில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், நியூயார்க்கில் காமிக்ஸ் மாநாடுகள் நடத்தியவர். 1970-களின் தொடக்கத்தில் பதிப்பாளர்களிடம் அவர் வைத்த யோசனை எளிமையானது. சரக்கை நேராக எங்களிடம் கொடுங்கள், கூடுதல் கழிவு கொடுங்கள், விற்காவிட்டால் திருப்பித் தர மாட்டோம். அவருடைய சீ கேட் நிறுவனம் வழியாக காமிக்ஸுக்கென்றே இருந்த கடைகளுக்குச் சரக்கு போகத் தொடங்கியது. டைரக்ட் மார்க்கெட் என்று பெயர் வந்தது அதனால்தான்.

பதிப்பாளருக்கு உடனே ஒரு கவலை வந்திருக்கும், வந்தது. கூடுதல் கழிவில் வாங்கிய பிரதியை ஒருவர் நைசாக நியூஸ்ஸ்டாண்ட் வழியில் நுழைத்து, விற்கவில்லை என்று சொல்லி முழு வரவு வாங்கிவிட்டால்? திருப்ப முடியாத பிரதிக்கு அட்டையிலேயே ஓர் அடையாளம் தேவைப்பட்டது. பார்கோடுக் கட்டம் அதற்கு வசதியான இடம். மார்வெல், டிசி இதழ்களில் பார்கோடு வந்ததே 1976-இல்தான். காமிக்ஸ் கடையில் அப்போது ஸ்கேனர் கிடையாது, அந்தப் பிரதிக்குப் பார்கோடு தேவையும் இல்லை. விலையும் பார்கோடும் கறுப்பு மையில் இருப்பவை. நான்கு வண்ணத் தகடுகளில் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும், அட்டையின் மற்ற வண்ணங்கள் அப்படியே ஓடும். அன்றைய காமிக்ஸில் பெரும்பகுதி அச்சானது இல்லினாய் மாநிலத்தின் ஸ்பார்டா என்ற சிற்றூரில், வேர்ல்ட் கலர் பிரஸ்ஸில். அங்கே அச்சு இயந்திரத்தை நிறுத்தித் தகடு மாற்றிய அந்த நேரத்துக்கு இன்று கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

இனி பெட்டிகளுக்கு வருவோம். 1976-க்கு முந்தைய இதழ்களில் எனக்கு வேலை குறைவு, அவற்றில் இந்தக் கேள்வியே எழாது. வேலை தொடங்குவது 1977 தேதியிட்ட மார்வெல் இதழ்களில். அந்த ஆண்டிலிருந்து 1979 வரை சில பிரதிகளில் விலை சாய்ந்த சதுரத்துக்குள், அதாவது வைர வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். பார்கோடு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பலர் இவற்றை விட்மேன் பிரதி என்பார்கள். வெஸ்டர்ன் பப்ளிஷிங் நிறுவனம் விட்மேன் என்ற பெயரில் மூன்று மூன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பொம்மைக் கடைகளில் விற்ற சரக்கு அது. ஆனால் அதே காலத்தில் சூலிங் வழியாகக் காமிக்ஸ் கடைகளுக்குப் போன பிரதிகளும் இதே தோற்றத்தில்தான் இருந்தன. உறையிலிருந்து எடுத்த பிறகு எது எந்த வழியில் போனது என்று புத்தகம் சொல்லாது. என் பட்டியலில் அவை ‘வைரக் கட்டம், பார்கோடு இடம் காலி, திருப்ப இயலாத பிரதி’ என்று இருக்கின்றன. விட்மேன் என்ற பெயரை நான் எழுதியது, அட்டையிலேயே விட்மேன் சின்னம் அச்சிட்ட டிசி இதழ்களுக்கு மட்டும். அவற்றில் சிலவற்றில் இதழ் எண்கூட இருக்காது என்பதால் கதையைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1979 ஜூன் தேதியிட்ட இதழ்களிலிருந்து மார்வெல் இதை முறைப்படுத்தியது. பார்கோடு இருக்கும், அதன்மேல் குறுக்கே ஒரு கோடு ஓடும். வைரக் கட்டமும் இருக்கும். புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. ‘பார்கோடு உண்டா?’ என்று கேட்டு ‘உண்டு’ என்று குறித்தால், டைரக்ட் பிரதி நியூஸ்ஸ்டாண்ட் ஆகிவிடும். கோடு மெல்லியது. பழைய உறை மஞ்சளாகிப் பளபளத்தால் கண்ணில் படாது. என் மகள் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, “அப்பா, இதிலும் கோடு இருக்கிறது, அடித்து எழுதுங்கள்” என்று ஒரு பெட்டியில் பல இதழ்களைத் திருத்த வைத்தாள். அவை நன்கொடையாளர் நியூஸ்ஸ்டாண்ட் என்று போட்டிருந்தவை. டிசி 1980 அக்டோபர் தேதியிட்ட இதழ்களிலிருந்து இந்த வழிக்கு வந்தது. பிறகு இரண்டு நிறுவனங்களும் கட்டத்துக்குள் படமோ விளம்பர வாசகமோ போடத் தொடங்கின. 1980-களின் பெரும்பகுதி கண்ணுக்கு மிக எளிது, வேகமாக ஓடும்.

எளிதென்று அசந்துவிடக் கூடாது. அதே காலத்தில்தான் கனடா விலைப் பிரதிகள் வருகின்றன. 1982 அக்டோபர் தேதியிலிருந்து கனடாவின் நியூஸ்ஸ்டாண்டுக்கு மட்டும் வேறு விலை அச்சிட்டார்கள். அமெரிக்காவில் 60 சென்ட் என்றால் அங்கே 75 சென்ட். மார்வெலில் இது 1986 ஆகஸ்ட் வரை, டிசியில் 1988 செப்டம்பர் வரை. டைரக்ட் பிரதியில் இந்தச் சிக்கல் இல்லை, எல்லா நாட்டு விலையும் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். ஒஹாயோ எல்லையில் ஈரி ஏரி, அதைத் தாண்டினால் கனடா. அந்த மனிதர் அங்கே போய்வந்தாரா, யாரிடமாவது வாங்கினாரா தெரியாது, ஆனால் பெட்டிகளில் கனடா விலைப் பிரதிகள் அங்கங்கே கலந்து கிடந்தன. பார்கோடு மட்டும் பார்த்துக்கொண்டே போனவருக்கு அவை வெறும் நியூஸ்ஸ்டாண்ட். விலையை அச்சில் உள்ளபடியே எழுத வேண்டும் என்று ஒரு பத்தி வைத்ததால் அவை தாமாகவே வரிசையிலிருந்து துருத்திக்கொண்டு நின்றன. விரிதாளை விலைப்படி அடுக்கினால் போதும்.

விலையைப் பற்றிப் பேசும்போது ஸ்டார் வார்ஸ் முதல் இதழைச் சொல்லாமல் முடியாது. 1977 ஜூலை தேதியிட்டது, சாதாரண விலை 30 சென்ட். விலையை உயர்த்தினால் வாங்குவார்களா என்று பார்க்க மார்வெல் சில ஊர்களில் மட்டும் 35 சென்ட் அச்சிட்டு விட்டது. அந்தச் சோதனைப் பிரதிதான் இன்று பெரும் விலைக்குப் போவது. ஆனால் படம் ஓடிய ஓட்டத்தில் இதழை மறுபடி மறுபடி அச்சிட்டார்கள், அந்த மறுபதிப்புகளில் பலவற்றிலும் விலை 35 சென்ட். நன்கொடைப் பெட்டியில் 35 சென்ட் பிரதி ஒன்று தனி உறையில், பின்னால் கெட்டி அட்டை வைத்து, பெரிய மரியாதையோடு இருந்தது. குடும்பத்தாருக்கும் அதைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்ததாக நூலகத்தில் சொன்னார்கள். நாங்கள் எடுத்து வைத்துப் பார்த்தோம். சோதனைப் பிரதியில் விலைக் கட்டம் சாதாரண நேர்ச் சதுரம், பார்கோடு முழுதாக, கோடு இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் கையில் இருந்ததில் வைரக் கட்டம், கீழ் மூலையில் வெற்றிடம். மறுபதிப்பு. எண்ணை மட்டும் பார்த்தால் 35, வடிவத்தையும் பார்த்தால்தான் விவரம் தெரியும். விலைக் கட்டத்தின் வடிவத்துக்கு என் பட்டியலில் தனிப் பத்தி இருப்பதற்கு இந்த ஒரு புத்தகமே போதும். குடும்பத்தாரிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பை நல்லவேளை என்னிடம் விடவில்லை.

அடுத்தது இன்னும் எத்தனையோ பட்டியல்களில் விடுபட்டிருக்கும் விஷயம். நியூஸ்ஸ்டாண்ட் பிரதிகளில் ஒரு சிறு பகுதி ராணுவ முகாம்களை ஒட்டிய கடைகளுக்குப் போனது. 1972 முதல் 1986 வரை அந்தப் பிரதிகளில் சிலவற்றின் நடுவே, காமிக்ஸ் தாளைவிடத் தடித்த தாளில், நகைக்கடை விளம்பரம் ஒன்றைச் சொருகித் தைத்திருப்பார்கள். மார்க் ஜுவல்லர்ஸ் என்ற பெயர் அதிகம் தென்படுவதால் சேகரிப்பவர்கள் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். சம்பளம் வாங்கும் இளம் சிப்பாய், ஊரில் காத்திருக்கும் காதலி, தவணையில் வைர மோதிரம்: விளம்பரக்காரரின் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அட்டையில் இதற்கு எந்த அடையாளமும் கிடையாது. பக்கம் புரட்டினால்தான் தெரியும். புரட்டாமலும் ஒரு வழி உண்டு. புத்தகத்தை உறையோடு மேலிருந்து பார்த்தால், மங்கிப் பழுப்பேறிய தாள்களின் நடுவில் வெளுத்த கோடு ஒன்று தெரியும், அதுதான் சொருகு. எல்லாவற்றிலும் தெரியாது, ஆனால் தெரிகிறதா என்று பார்க்க ஒரு நொடிதான் ஆகிறது. அதன்பின் உறையைத் திறந்து உறுதி செய்துகொள்ளலாம். இதே காரணத்துக்காகத்தான் அமேசிங் ஸ்பைடர்மேன் 238-ஆம் இதழையும் கட்டாயம் திறந்து பார்த்தோம். 1983 மார்ச் தேதியிட்ட அந்த இதழோடு, தோலில் ஒட்டும் தற்காலிகப் பச்சை குத்தல் தாள் ஒன்று தந்தார்கள். குழந்தைகள் அதைப் புத்தகத்திலா விட்டு வைப்பார்கள்? ‘சொருகு: இல்லை’ என்று எழுதினோம்.

ஒரு பிரதி எந்த வழியில் பயணம் செய்தது என்பதற்கு அட்டையின் அச்சு மட்டும் சாட்சி அல்ல. வழியில் பலர் கை வைத்திருக்கிறார்கள். நியூஸ்ஸ்டாண்ட் விநியோகஸ்தர்கள் கட்டுக் கட்டாக வந்த புத்தகங்களின் மேல் விளிம்பில் வண்ண மை தெளிப்பது உண்டு. எந்த வாரச் சரக்கு, எதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று கட்டைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள அந்த ஏற்பாடு. ஒரே பெட்டியில் அடுத்தடுத்து நிற்கும் புத்தகங்களின் உச்சியில் சிவப்பு, நீலம், பச்சை என்று கோடு கோடாகத் தெரிந்ததை முதலில் ஈரம் பட்ட கறை என்றே நூலகத்தார் நினைத்தார்கள். சில அட்டைகளில் பென்சிலிலோ ரப்பர் முத்திரையிலோ வந்துசேர்ந்த தேதி இருக்கும். சிலவற்றின் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு மடிப்பு ஓடும். அது சந்தாதாரருக்கு மடித்துத் தபாலில் அனுப்பிய பிரதி. சந்தையில் இவை எல்லாம் குறைகள், தரம் குறைக்கும் விஷயங்கள். பட்டியல் போடுபவனுக்கு இவை எல்லாம் முகவரிகள். ‘கறை’ என்று பொதுவாக எழுதிவிட்டால் அடுத்தவர் அதைத் துடைத்துவிடப் பார்ப்பார். ‘மேல் விளிம்பில் சிவப்பு மைத் தெளிப்பு’ என்று எழுதினால் துடைக்க மாட்டார்.

அட்டையின் மேல்பகுதி நேராக வெட்டுப்பட்ட பிரதிகளும் கொஞ்சம் இருந்தன. திருப்பியதாகக் கணக்குக் காட்டிவிட்டு யாரோ விற்றவை. தலைப்பு இல்லாத அந்த அட்டைகளில் கீழ் மூலைப் பார்கோடு முழுதாக இருக்கிறது. சந்தையில் அவற்றுக்கு மதிப்பே இல்லை. நான் எழுதியதிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத நியூஸ்ஸ்டாண்ட் பிரதிகள் அவைதான்.

1990-களுக்கு வந்தால் விளையாட்டின் விதி மாறுகிறது. காமிக்ஸ் கடைகளிலும் ஸ்கேனர் வந்துவிட்டது, டைரக்ட் பிரதிக்கும் உண்மையான பார்கோடு வேண்டும். 1993 வாக்கில் இரண்டிலும் பார்கோடு. இங்கே பார்க்க வேண்டியது பெரிய பார்கோடுக்கு வலப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய துணைப் பார்கோட்டை. அதில் இரண்டு இலக்கம் என்றால் நியூஸ்ஸ்டாண்ட், பெரும்பாலும் மாதத்தைக் குறிக்கும். ஐந்து இலக்கம் என்றால் டைரக்ட். ஐந்தில் முதல் மூன்று இதழ் எண், நான்காவது எந்த அட்டை, ஐந்தாவது எத்தனையாவது அச்சு. 00111 என்றால் முதல் இதழ், முதல் அட்டை, முதல் அச்சு. 00121 இரண்டாவது அட்டை. 00112 இரண்டாம் அச்சு. டைரக்ட் பிரதிகளில் கட்டத்தின் ஓரத்தில் டைரக்ட் எடிஷன் என்றோ டைரக்ட் சேல்ஸ் என்றோ பொடி எழுத்தில் போட்டிருக்கவும் கூடும். பெரிய பார்கோட்டின் தொடக்க எண்ணும் உதவும். மார்வெலின் நியூஸ்ஸ்டாண்டுக்கு 71486, டைரக்டுக்கு 59606. டிசிக்கு முறையே 70989, 61941.

இந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு ஒரு சாதாரண கைஸ்கேனர் வாங்கிக்கொண்டோம். பொத்தானை அழுத்தினால் எண் விரிதாளில் விழுகிறது, பரமசுகம். ஆனால் விழுந்தது 12 இலக்கம்தான், எங்களுக்கு வேண்டிய துணை எண்ணைக் காணோம். பெரும்பாலான ஸ்கேனர்களில் துணைப் பார்கோடு படிக்கும் வசதி அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும். கையேட்டில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும், அங்குள்ள கட்டளைப் பார்கோட்டை ஸ்கேன் செய்து இயக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஆயிரம் புத்தகம் ஸ்கேன் செய்தவர் நியூஸ்ஸ்டாண்டும் டைரக்டும் பிரியாத ஆயிரம் வரிசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொன்று: விரிதாளில் அந்தப் பத்தியை எண்ணாக விடாதீர்கள், உரையாக மாற்றுங்கள். 00111 வெறும் 111 ஆகிவிடும், 05 வெறும் 5 ஆகிவிடும்.

சில இடங்களில் இரண்டு பதிப்புகளும் மூலையில் மட்டும் வேறுபடுவதில்லை. 1994, 1995-இல் எக்ஸ்மென் வரிசை இதழ்கள் நல்ல தாளில் 1.95 டாலருக்கும், சாதாரணத் தாளில் 1.50 டாலருக்கும் வந்தன. 2000-களின் கடைசியில் மார்வெலின் சில இதழ்களுக்கு டைரக்டில் 2.99 டாலர், நியூஸ்ஸ்டாண்டில் 3.99 டாலர். டிசி 1984-இல் செய்தது இன்னும் விசித்திரம். நியூ டீன் டைட்டன்ஸ் புதிய வரிசையை உயர்ந்த தாளில் டைரக்ட் கடைகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, அதே கதைகளை ஓராண்டுக்கு மேல் கழித்து டேல்ஸ் ஆஃப் தி டீன் டைட்டன்ஸ் என்ற வேறு தலைப்பில், வேறு எண்ணில் நியூஸ்ஸ்டாண்டுக்கு மறுபதிப்பாகக் கொடுத்தது. இதை இரண்டு பதிப்பு என்பதா, இரண்டு இதழ் என்பதா? நாங்கள் இரண்டு தனி இதழாகவே வைத்தோம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறிப்பு கொடுத்தோம்.

டைரக்டாக மட்டுமே வந்தவை பெருகத் தொடங்கியதும் மூலையைப் பார்ப்பதே அர்த்தமற்றுப் போகும். 1981 மார்ச் தேதியிட்ட டாஸ்லர் முதல் இதழை மார்வெல் காமிக்ஸ் கடைகளுக்கு மட்டுமே கொடுத்தது, நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. 1982-இல் மூன் நைட், மைக்ரோநாட்ஸ், கா-ஸார் மூன்றும் அந்த வழிக்குப் போயின. டிசியின் கேமலாட் 3000-மும் அப்படித்தான். இவற்றுக்கு நியூஸ்ஸ்டாண்ட் ஜோடி கிடையாது. ஆகவே ‘டைரக்ட்’ என்று ஒரு வகை போட்டால், ஏதோ இன்னொன்று இருப்பது போலத் தோன்றும். யாராவது அதைத் தேடி அலைவார்கள். ‘ஒரே பதிப்பு’ என்று எழுதினோம்.

அரிது என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த இதழில் எத்தனை சதவீதம் நியூஸ்ஸ்டாண்டாக அச்சானது என்று எண்கள் உலவுகின்றன. பெரும்பாலானவற்றின் வேர், மைல் ஹை காமிக்ஸ் என்ற காமிக்ஸ் கடையை நிறுவிய சக் ரோஸான்ஸ்கி வெளியிட்ட மதிப்பீடு. 1979-இல் டைரக்ட் மிகச் சிறிய பங்கு, 1980-களின் நடுவில் பாதிக்குப் பாதி, அதன்பின் நியூஸ்ஸ்டாண்ட் சரிந்துகொண்டே போனது என்பது அதன் சாரம். அந்த வியாபாரத்தில் ஊறிய ஒருவரின் மதிப்பீடு என்ற அளவில் மரியாதையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது ஒரு காலத்தின் மொத்தப் போக்கு. அதை ஒரு தனி இதழின் தலையில் கட்டி, ‘இதில் இத்தனை பிரதிகளே உலகில் உள்ளன’ என்று விற்பனை அறிவிப்பில் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. தபால் சட்டப்படி ஆண்டுக்கு ஒருமுறை இதழ்களில் அச்சிட்ட உரிமை அறிக்கை இருக்கிறதே, அதில் அச்சான பிரதிகள், விற்றவை, திரும்பி வந்தவை ஆகியவற்றின் எண்ணிக்கை இருக்கும். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்தோம். அதிலும் நாம் கேட்கும் பிரிவு அப்படியே கிடைக்காது, ஆனாலும் கடன் வாங்கிய சதவீதத்தைவிட மேல்.

நல்ல நிலையில் நியூஸ்ஸ்டாண்ட் பிரதி கிடைப்பது கடினம் என்பது வேறு விஷயம், அது கண்ணால் பார்த்தது. கம்பி ஸ்டாண்டில் வளைந்து, பல கைகள் புரட்டி, மளிகைப் பையில் வீடு வந்தவை அவை. டைரக்ட் பிரதியைப் பெரும்பாலும் வாங்கியவர் அன்றே உறையில் போட்டிருக்கிறார். எங்கள் பெட்டிகளிலும் ஒரே இதழின் இரண்டு பிரதிகள் இருந்தால் மூலையைப் பார்க்காமலே முதுகை வைத்து ஊகிக்க முடிந்தது. ஊகம் ஊகம்தான், பட்டியலில் ஏறவில்லை.

மார்வெல் 2013-இன் இறுதியோடும், டிசி 2017-இலும் நியூஸ்ஸ்டாண்ட் பதிப்பை நிறுத்திவிட்டன. ஆகவே இது முடிந்துபோன ஒரு வரிசை, இனி கூடப் போவதில்லை. நூலக முறையில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: மார்க் (MARC) என்ற நூலகப் பட்டியல் பதிவில் பார்கோடு எண்ணுக்கு 024, பதிப்புக் கூற்றுக்கு 250, பிரதியின் அடையாளங்களுக்கு 562 என்று இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அச்சில் இல்லாத பதிப்புப் பெயரை 250-இல் எழுத வேண்டுமானால் சதுர அடைப்புக்குள் போடுங்கள், நீங்கள் கொடுத்த பெயர் என்று தெரியட்டும். 1994 முதல் தன்னார்வலர்களால் நடந்துவரும் கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸும் விலை, பார்கோடு இரண்டையும் தனித்தனியாகவே கேட்கிறது. அங்கே ஒரு இதழின் ஒரு பதிப்பு மட்டும் ஏறியிருந்தால், மற்றதன் அட்டையை முழுதாக ஸ்கேன் செய்து அனுப்பலாம். மூலையை மட்டும் வெட்டி அனுப்புவதால் யாருக்கும் பயனில்லை.

எங்கள் நூலகத்தில் கடைசியாக எழுந்த பிரச்சினை இரட்டைப் பிரதிகள். ஒரே இதழில் இரண்டு இருந்தால் ஒன்றைக் கழிப்பது அவர்கள் வழக்கம். விரிதாளை வைத்துக்கொண்டு பேசியதில், மூலை வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொள்வது, சொருகு இருந்தால் மூன்றாவதையும் வைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டார்கள். மீதி ஆண்டு விற்பனைக்குப் போனது. விலைச் சீட்டில் நியூஸ்ஸ்டாண்ட் என்று எழுதலாமா, கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்குமாமே என்று ஒருவர் கேட்டார். மூலையை வெளியே தெரியும்படி உறையில் வைத்து, சீட்டைப் பின்பக்கம் ஒட்டச் சொன்னேன். காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்ததும் உள்ளே வந்த முதல் இரண்டு பேர் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.